உயர் அழுத்த மின்கம்பிப் பாதையும் வயல் நிலமும்

நிலக்கரியையும் எண்ணெயையும் கப்பலில் ஏற்றி வேண்டிய துறைமுகத்திற் கொணர்ந்து இறக்கலாம். மன்னார்க் கரையில் வீசும் சோளகக் காற்றை எவரும் மூடையிற் கட்டிக் கொழும்புக்கு அனுப்ப முடியாது. மலையினின்று வீழும் நீரும் அத்தகையதே. இவை கிடைக்கும் இடத்திலேயே மின்சாரமாக மாற்றப்பட்டு, கம்பி வழியாகவே தேவையான இடத்துக்குச் செல்லவேண்டும். காற்றும் வீழ்நீரும் மிகுந்த இடங்களில் மக்கள் நெருங்கி வாழ்வதில்லை. மக்கள் நெருங்கி வாழும் நகரங்களில் இவை கிடைப்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே கிடப்பன காடும், வயலும், தோட்டமுமே. ஆகவே இந்நாட்டில் எங்கே புதிய காற்றாலையோ சூரியமின் நிலையமோ எழும்பினாலும், அதன் கம்பி ஏதோ ஒரு கமக்காரரின் காணிக்கு மேலாகச் செல்லவேண்டியதாகிறது.

இது முற்றிலும் புதிய செய்தியன்று. 1950 ஆம் ஆண்டில் இலக்சபானா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோதே மலைநாட்டு நீரின் வலு கம்பி வழியாகக் கொழும்பை அடைந்தது. அத்திட்டத்துக்காகப் பல்லாண்டு வாதாடிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே அதுபற்றிக் கட்டுரை எழுதியிருந்தார். அன்று நீருக்கெனத் தொடங்கிய வேலை இன்று காற்றுக்கும் வெயிலுக்குமாகத் தொடர்கின்றது. 2030 ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் கொள்கையாக வகுக்கப்பட்டுள்ளது. அதற்கேற்பப் பெருங்கம்பிப் பாதைகளும் பெருகும்.

மன்னாரை எடுத்துக்கொள்வோம். தீவின் தென்கரையில், 2020 ஆம் ஆண்டின் இறுதியில் தொடக்கி வைக்கப்பெற்ற தம்பபவனி காற்றாலையில் 30 காற்றுச் சுழலிகள் உள்ளன. ஒவ்வொன்றின் வலுவும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5 மெகாவாற்று. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் வலுத்து வீசும் மாதங்களிலேயே அவை மிகுதியாக இயங்குகின்றன. எல்லாச் சுழலிகளின் மின்சாரமும் 33,000 வோல்ற்று வடங்கள் மூலம் நடுக்குடாவிலுள்ள உபமின் நிலையத்தைச் சேர்கின்றது. அங்கே அது 220,000 வோல்ற்றுக்கு உயர்த்தப்பட்டு, மன்னார், வவுனியா வழியாகப் புதிய அநுராதபுரம் உபமின் நிலையத்தை அடைந்து தேசிய மின்கட்டமைப்போடு கலக்கின்றது. நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி அது. சுழலிகள் நிற்பதோ கரையோரத்தில் ஒரு கீற்று நிலத்தில். அவற்றின் கம்பி தொடுவதோ மூன்று மாவட்டங்களை.

வயலும் கம்பியும் நீரினாற் பிணைந்தவை

“நகரத்தாரின் விளக்குக்காக எம் வயலிற் கோபுரம் நடுவதா?” என்னும் வினாவைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கின்றோம். அது நியாயமான வினாவே. எனினும் கம்பி இல்லாமையால் நெற்பயிர் வாடிய வரலாறும் இந்நாட்டில் உண்டு என்பதை அறிந்தபின் அவ்வினாவை வேறுவிதமாக நோக்கவேண்டியிருக்கும்.

2023 ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் வளவை கங்கைப் பகுதியில் மழை பொய்த்தது. உடவளவை நீர்த்தேக்கத்தின் கீழுள்ள கமக்காரர், மேலேயுள்ள சமனலவெவ நீர்த்தேக்கத்தைத் திறந்துவிடுமாறு வேண்டி வீதியில் இறங்கினர். சமனலவெவ 120 மெகாவாற்று நீர்மின் நிலையமொன்றுக்கு நீர் வழங்குவது. நீரை வயலுக்குத் திறந்து தீர்த்துவிட்டால் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களில் நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு ஏற்படும் என்று மின்சாரத் தரப்பினர் கூறினர். பிற இடங்களிலிருந்து தெற்குக்கு மின்சாரம் கொணரக் கூடாதா எனின், அதற்கென்றே பொல்பிட்டியவிலிருந்து அம்பாந்தோட்டை வரை ஏறத்தாழ 150 கிலோமீற்றர் நீளமான 220,000 வோல்ற்றுப் பாதை அமைக்கப்பட்டு வந்தது. பெரும்பகுதி முடிந்தும், மிகச் சிறு பகுதியொன்றில் காணி வழி பெறுவது பற்றிய பிணக்குத் தீராமையால் அப்பாதை பயனின்றிக் கிடந்தது. இறுதியில் அமைச்சரவையின் அனுமதியோடு சமனலவெவ நீர் திறந்துவிடப்பட்டது. ஆயினும் பல வயல்களுக்கு அது காலந் தாழ்ந்த நீர். குடலைப் பருவத்திலிருந்து பூக்கும் பருவம் வரையுள்ள நாட்களில் நெற்பயிர் வரட்சிக்கு உட்படின், பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் பதரே மிகும் என்பதை நீங்கள் அனுபவத்தால் அறிவீர்கள்.

ஒரு சில கோபுரங்கள் நிற்கவேண்டிய காணிகளின் பிணக்கு, பல மைல் தொலைவிலுள்ள வேறு கமக்காரரின் விளைச்சலோடு பிணைந்திருந்தது. இதற்காக அக்காணிக்காரர்மீது மட்டும் பழி சுமத்துதல் நேர்மையன்று. வழி எங்கே செல்லும், காணிக்கு என்ன கிடைக்கும் என்பவற்றைக் காலந் தாழ்த்தி அறிவித்தால் எவருந்தான் எதிர்ப்பர்.

மகாவலி நீரிலும் இதே முரண்பாடு உண்டு. பொல்கொல்லவில் வடக்கு நோக்கித் திருப்பப்படும் நீர், உக்குவெல, போவதென்ன வழியாகக் கலாவெவ முதலிய குளங்களின் வயல்களுக்குச் செல்கின்றது. திருப்பப்படாத நீர் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடைந்து மின்சாரமாகின்றது. ஒரே நீருக்கு இரண்டு உரிமையாளர். சோளகம் வீசும் காலம் வரண்ட வலயத்தில் மழையற்ற சிறுபோகக் காலம். அப்போது மன்னார்க் காற்றின் மின்சாரம் கட்டமைப்பிற் சேருமாயின், நீர்த்தேக்கங்களிலிருந்து மின்சாரத்துக்கென நீர் இறக்கவேண்டிய நெருக்கடி அவ்வளவுக்குக் குறையும். காற்றாலை இருந்தும் கம்பி இல்லையெனின் இந்நன்மை கிட்டாது.

இத்துணை உயர்ந்த அழுத்தம் ஏன்?

மண் வாய்க்காலில் நீர் கொண்டுசெல்லும்போது வழியிலே ஒரு பகுதி கசிந்து போவதுபோல, கம்பியில் மின்சாரம் செல்லும்போது ஒரு பகுதி வெப்பமாகிக் கழிந்து போகின்றது. இக்கழிவைத் தீர்மானிப்பது கம்பியில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கழிவு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும்.

நீரின் வேலை அதன் அளவையும் அது வீழும் உயரத்தையும் பொறுத்தது. தாழ்வான அணையிலிருந்து பெருநீர் வீழ்ந்து செய்யும் வேலையை, மலையுச்சியிலிருந்து ஒடுங்கிய குழாயில் இறங்கும் சிறுநீரோட்டமும் செய்யும். மின்சாரத்தில் உயரத்துக்கு ஒப்பானது அழுத்தம்; நீரின் அளவுக்கு ஒப்பானது மின்னோட்டம். அழுத்தத்தை உயர்த்தினால், குறைந்த மின்னோட்டத்தைக் கொண்டே அதே வலுவை அனுப்பலாம். 100 மெகாவாற்றை 33,000 வோல்ற்றில் அனுப்புவதற்கு ஏறத்தாழ 1,750 அம்பியர் மின்னோட்டம் தேவை. 220,000 வோல்ற்றில் அனுப்பினால் ஏறத்தாழ 262 அம்பியரே போதும். ஒரே பருமனுள்ள கம்பியாயின் கழிவு நாற்பத்து நான்கில் ஒரு பங்காகக் குறைகின்றது. கம்பியை வானளாவிய கோபுரத்தில் தூக்கிக் கட்டுவதற்கும், கைநீளமான காவலிகளிலே தொங்கவிடுவதற்கும் காரணம் இதுவே.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். “கம்பி எம் வயலுக்கு மேலாகச் செல்கின்றது, எம் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு அதிலிருந்து இணைப்புத் தரக்கூடாதா?” எனச் சிலர் கேட்பர். 220,000 வோல்ற்றை வீட்டுக்கேற்ற 230 வோல்ற்றாக இறக்குவதற்குப் பெரிய உபமின் நிலையமும், அதன்பின் கிராமத்து ரான்ஸ்போமரும் வேண்டும். ஒரு தோட்டத்துக்கெனக் கம்பியின் நடுவழியில் அவற்றை அமைத்தல் இயலாது. கிராமத்துக்கான இணைப்புத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியது.

கம்பியை நிலத்தின் கீழே புதைக்கலாகாதா என்பதும் கேட்கப்படுவதுண்டு. இவ்வழுத்தத்தில் நிலக்கீழ் வடத்துக்குச் செலவு பன்மடங்கு. அன்றியும், கோபுரமாயின் வயலில் நாலு காலுக்கே குழி. வடமாயின் வயலின் நீளம் முழுவதும் அகழி. அதன்மேல் ஆழ உழவும் முடியாது, கிணறு தோண்டவும் முடியாது. உழவனுக்கு எது பெருநட்டம் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

முளை அடிக்கும் நாளே பேசவேண்டிய நாள்

கோபுரங்கள் பொதுவாக 300 முதல் 400 மீற்றர் இடைவெளியில் நிற்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சிறு வீட்டின் அடிநிலத்தைக் கொள்ளும். அந்நிலம் சாகுபடிக்கு இல்லாமற் போகும். கம்பியின் கீழுள்ள நிலம் அப்படியன்று. அது உங்களுடையதாகவே இருக்கும், பயிரிடவும் படும். ஆனால் அதன்மேல் சில கட்டுப்பாடுகள் உண்டாகும். அவ்வாறு கட்டுப்படும் நிலத்தின் அகலம் 132,000 வோல்ற்றுப் பாதைக்கு ஏறத்தாழ 27 மீற்றர்; 220,000 வோல்ற்றுப் பாதைக்கு ஏறத்தாழ 35 மீற்றர். அதனுள் வீடு கட்டலாகாது. உயர்ந்து வளரும் மரம் நிற்கலாகாது. தென்னையும் பனையும் பலாவும் மாவும் தேக்கும் அவ்வழியிற் போயேவிடும். பனங்கூடலை நம்பி வாழும் வடபகுதியாருக்கு இது சிறு இழப்பன்று.

நில அளவையாளர் முதன்முதல் வந்து முளை அடிக்கும்போது பலர் வேலியோரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகின்றனர். பின்னர் அத்திவாரக் குழி வெட்டும்போது கூடி நின்று கூச்சலிடுகின்றனர். பயன் தருவது முன்னையது. கம்பிப்பாதை நேராகச் சென்றால் செலவு குறைவு. திரும்பும் ஒவ்வோரிடத்திலும் இழுவையைத் தாங்கும் கனத்த கோபுரம் வேண்டும். ஆகையால் முழுப் பாதையையும் உங்கள் ஒருவருக்காக வளைக்கமாட்டார்கள். ஆனால் அதே நேர்கோட்டில், வயலின் நடுவே வரவிருக்கும் கோபுரத்தைச் சில மீற்றர் முன்பின்னாக நகர்த்தி, வரம்பு சந்திக்கும் மூலைக்குக் கொண்டுபோவது அளவைக் காலத்திற் பெரும்பாலும் இயலும். வயல் நடுவிலுள்ள கோபுரம் தன் அடிநிலத்தை மட்டுமன்று, தன்னைச் சுற்றி உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் திரும்ப முடியாத நிலத்தையும் விழுங்கும். மூலையிலுள்ள கோபுரம் அவ்வாறு செய்யாது. எனவே, வாய்க்கால், மதகு, கிணறு, வரம்பு, நீர்வடியும் திசை ஆகியவற்றைக் காட்டும் ஒரு சிறு வரைபடத்தை நீங்களே ஒரு தாளிற் கீறி, கம அமைப்பின் மூலம் எழுத்திற் கொடுங்கள். வாயாற் சொன்னது காற்றோடு போகும்.

வழியுரிமை பற்றிய இணக்கமின்மை பிரதேச செயலாளர் முன்னிலையில் விசாரிக்கப்படும். அங்கே செல்வோர் வெறுங்கையோடு செல்லலாகாது. காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், மரங்களின் எண்ணிக்கையும் வயதும், சென்ற போகங்களில் நெல் விற்ற சிட்டைகள், நிற்கும் பயிரின் ஒளிப்படங்கள் ஆகியவற்றைக் கொண்டுசெல்க. காய்க்கும் தென்னைக்கும் இளங்கன்றுக்கும் மதிப்பு ஒன்றன்று. வெட்டுமுன் கிராம அலுவலரைக் கொண்டு எண்ணிப் பதிவு செய்தல் நன்று. வெட்டிய பின் அடிக்கட்டைகளை எண்ணி வாதிடுவது வீண் வேலை.

குத்தகைக்கோ வாரத்துக்கோ செய்பவர் இதில் மிகவும் விழிப்பாயிருத்தல் வேண்டும். காணி ஒருவருடையது, பயிர் மற்றொருவருடையது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்க் கமநல சேவை நிலையத்தில் வயற்காணி இடாப்பு வைக்கப்படுகின்றது. அதில் உங்கள் பெயர் பயிரிடுபவராகப் பதியப்பட்டிருக்கின்றதா எனப் பாருங்கள். பதிவில்லாதவர் அழிந்த பயிருக்கு உரிமை கோரும்போது அவர் சொல்லின் வலு குறைந்தே நிற்கும்.

வேலை செய்யும் காலத்தையும் கேட்டுப் பேசலாம். பெரும்போக அறுவடை முடிந்து அடுத்த நிலப்பண்படுத்தல் தொடங்குமுன் உள்ள வரண்ட மாதங்களே இரு திறத்தார்க்கும் ஏற்றவை. மாரியில் ஈரக் களிமண்மேற் பார ஊர்திகள் சென்றால் ஊர்தியும் புதையும், மண்ணும் கெடும்.

கோபுரம் எழும்பிய பின் மண்ணைச் சீராக்குதல்

இழப்பீட்டைப் பற்றிப் பேசுவோர் பலர். மண்ணைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆனால் இழப்பீடு ஒருமுறை வருவது, மண் போகந்தோறும் வேண்டுவது. இதனை விரிவாகச் சொல்லுதல் எமது கடமை.

வயலில் மேல்மண்ணின் கீழே, ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில், ஆண்டாண்டாக உழுது சேறாக்கியதனால் இறுகிய ஒரு படை உண்டு. அப்படையே நீரைக் கீழே இறங்கவிடாது தாங்கி நிற்கின்றது. அத்திவாரக் குழி வெட்டும்போது அது உடைகின்றது. பின்னர் குழியை நிரப்பி மேலே சமன் செய்துவிட்டால், பார்ப்பதற்கு வயல் பழையபடியே தோன்றும். நீர் கட்டியதும் உண்மை வெளிப்படும். கோபுரக் காலின் பக்கமாக நீர் ஓயாது இறங்கும்; ஒரு தட்டு வயலுக்கு வேண்டிய நீர் அரைத் தட்டுக்கும் போதாது. இதற்கு ஒரே வழி, நிரப்பும்போதே அடிமண்ணைப் படைபடையாக இட்டு இடித்து இறுக்குவதும், பின்னர் அவ்விடத்தைத் தனியாக இரண்டு மூன்று முறை நன்கு சேறாக்குவதுமாகும். இயந்திரம் கோபுரக் காலை அணுக முடியாத இடத்தில் மண்வெட்டியாலும் காலாலும் மிதித்துச் சேறாக்குக. எருமை வைத்திருப்போர் அவற்றைப் பயன்படுத்தலாம். இவ்வேலைக்கு அவற்றிற்கு நிகரில்லை.

குழியிலிருந்து வெளிவரும் அடிமண் மஞ்சளாகவோ வெளிறியோ இருக்கும். அதில் உரச்சத்து இல்லை. அதனை மேல்மண்ணின்மீது பரப்ப விடாதீர்கள். முதலில் மேல்மண்ணை வெட்டி ஒருபுறம் குவித்துவைத்து, வேலை முடிந்தபின் அதனையே மேலே இடுமாறு வேலை மேற்பார்வையாளரிடம் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். மிஞ்சிய அடிமண்ணை வரம்புக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். கொங்கிறீற்றுக் கலவை கழுவிய நீரும் சிந்திய சீமெந்தும் விழுந்த இடத்து மண் காரமாகும். அங்கே நாற்று மஞ்சளிக்கும். அம்மண்ணைச் சுரண்டி அகற்றுவதே சிக்கனமான பரிகாரம்.

பார ஊர்திகள் சென்ற தடம் மரக்கறித் தோட்டங்களிலேயே பெருந்தீங்கு செய்யும். நெல்லுக்கு இறுகிய அடிப்படை உதவும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் வெங்காயத்துக்கும் அது பகை. வேர் இறங்காது, மழை நீர் தேங்கும், வாடல் நோய் தொடரும். மண் வரண்டிருக்கும்போது தடத்தை ஆழமாகக் கிளறி உழுது, சணல் அல்லது வேறு பசுந்தாட் பயிரை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுக. மாட்டெருவும் தாராளமாக இடுக. ஒரு போகத்தில் முற்றாகத் திருந்தும் என எதிர்பார்த்தல் கூடாது. இரண்டு போகமாவது செல்லும். வேலை முடிந்ததாகக் கையொப்பம் கேட்டு வருவோரிடம், உடைந்த வரம்பும் தூர்ந்த வாய்க்காலும் சீராக்கப்பட்ட பின்னரே ஒப்பமிடுக.

கம்பியின் கீழ்ப் பயிரிடுதல்

உயர் அழுத்தக் கம்பியின் கீழ் நெல் விளையாது, பசு கன்று ஈனாது என்பன போன்ற பேச்சுக்கள் கிராமங்களில் உலவுகின்றன. இவற்றிற்கு ஆதாரமில்லை. நெல், பயறு, உழுந்து, நிலக்கடலை, மிளகாய், வெங்காயம், கத்தரி, வெண்டி, கீரை ஆகிய யாவும் கம்பியின் கீழே வழக்கம்போல் விளையும். புடோலுக்கும் பாகலுக்கும் தாழ்ந்த பந்தர் போதும். பந்தருக்கு இரும்புக் கம்பியை விடக் கயிறும் மூங்கிலும் ஏற்றவை. முருங்கையையும் வேலிக் கதியாலையும் தறித்துத் தாழ்வாக வைக்க வேண்டும். எவ்வளவு உயரம் வரை விடலாம் என்பதை மின்சார அலுவலரிடம் கேட்டறிக. தேனீப் பெட்டிகளை மட்டும் கம்பியின் கீழே வைக்கலாகாது. பெட்டியினுள் உண்டாகும் மெல்லிய மின்தாக்கம் தேனீக்களைக் கலங்கச் செய்யும். பனி பெய்யும் விடியலிலும் மழையிலும் கம்பி இரையும். அவ்விரைச்சல் ஈரக் காற்றினால் உண்டாவது. அதுவே ஆபத்துக்கு அறிகுறியன்று.

ஆபத்து வேறிடத்தில் உள்ளது. வீட்டுக் கம்பியைத் தொட்டாற்றான் மின்சாரம் தாக்கும். இக்கம்பியைத் தொடவே வேண்டியதில்லை. போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் காற்றைக் கடந்து பாயும். அலுமினியக் குழாயை நிமிர்த்தித் தூக்கிச் செல்லுதல், நீண்ட தடியால் தேங்காய் பறித்தல், கிணற்றிலிருந்து குழாயை நெடுங்குத்தாக உருவுதல், பாரவூர்தியின் பெட்டியைக் கம்பியின் கீழே உயர்த்தி நெல் கொட்டுதல், அறுவடை இயந்திரத்தின் நெற்குழாயை நீட்டுதல் ஆகியவையே உயிர் குடிப்பவை. எப்பொருளையும் 4 மீற்றருக்கு மேல் உயர்த்தாதிருத்தல் நல்ல வழக்கம். குழாய்களைக் கிடையாகவே இருவர் சுமந்து செல்க. ஏற்றுதல் இறக்குதல் யாவற்றையும் கம்பிக்கு அப்பால் வைத்துக்கொள்க. பட்டம் விடும் சிறுவரைத் தைப்பொங்கல் நாட்களில் வயல்வெளியிற் கண்காணித்தல் பெரியோர் பொறுப்பு.

பலர் அறியாதது ஒன்றுண்டு. காலையிற் பார்த்த கம்பியின் உயரம் நண்பகலில் இருப்பதில்லை. வெயிலும் மின்னோட்டமும் சேர்ந்து கம்பியைச் சூடாக்க, அது நீண்டு தாழ்ந்து தொங்கும். இரு கோபுரங்களின் நடுவிடத்திலேயே இத்தாழ்வு மிகுதி. சிறுபோக வெயிலில், காற்றாலைகள் முழு வேகத்தில் ஓடும் பகலில், கம்பி மிகத் தாழ்ந்திருக்கும். காலையில் இடித்துக்கொள்ளாமற் சென்ற வைக்கோல் வண்டி மாலையிலும் அவ்வாறே செல்லும் என்று நம்பற்க.

கம்பியின் கீழே வைக்கோற்போர் வைத்தலும், வைக்கோலை எரித்தலும் ஆகா. அடர்ந்த புகையும் தீச்சுவாலையும் மின்சாரத்துக்குப் பாலமாகிக் கம்பியிலிருந்து நிலத்துக்குப் பாயச் செய்யும். ஒரு வயலின் தீயால் ஒரு மாவட்டமே இருளக்கூடும். வைக்கோலை எரிப்பது வேறு காரணத்தாலும் நன்றன்று. மண்ணுக்குத் திரும்பவேண்டிய சத்து புகையாய்ப் போகின்றது.

கம்பிப்பாதைக்கு ஒப்பாக நெடுந்தூரம் ஓடும் முட்கம்பி வேலியில், தொடாமலே மின்னேற்றம் தோன்றும். தொட்டால் சுரீரென்று தாக்கும். மரக்கட்டைகளில் அடித்த வேலியாயின் இடையிடையே இரும்புத் தண்டை ஈரமண்ணில் இறக்கி வேலிக்கம்பியோடு பிணைத்துப் புவித்தொடுப்புச் செய்தல் வேண்டும். யானை வேலிக்காரர் இதனைத் தாமாகச் செய்யாது, மின்சார அலுவலரின் ஆலோசனை பெறுக. கம்பியின் கீழே நிறுத்திய உழவு இயந்திரத்திலும் இத்தகைய சிறு தாக்கம் உணரப்படலாம். அது உயிருக்குத் தீங்கு செய்வதன்று. எனினும் அவ்விடத்தில் எரிபொருள் ஊற்றாதீர்கள்.

புயலிற் கம்பி அறுந்து வயலில் வீழ்ந்துகிடப்பின், அது இறந்த கம்பியென எண்ணற்க. ஈர நிலம் முழுவதும் மின்சாரம் பரவியிருக்கும். அங்கே இரு கால்களுக்கிடையே உள்ள தூரமே ஆளைக் கொல்லும். மாடு முன்காலையும் பின்காலையும் அகல வைத்து நிற்பதால் மனிதனுக்கு முன் மாடே வீழும். வீழ்ந்த மாட்டை மீட்க ஓடுபவர் அடுத்து வீழ்வர். அருகே நிற்க நேர்ந்தவர் கால்களைத் தூக்கி வைக்காது, இரண்டையும் ஒட்டியபடி தேய்த்துத் தேய்த்து விலகுக. இயந்திரத்தின்மேற் கம்பி வீழ்ந்தால் இருக்கையிலேயே இருங்கள். தீப்பற்றினால் மட்டும், இயந்திரத்தையும் நிலத்தையும் ஒருசேரத் தொடாதபடி இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, அவ்வாறே தேய்த்து அகலுங்கள்.

கோபுரத்தின் இரும்புச் சட்டங்களையும் ஆணிகளையும் கழற்றி விற்போர் சில இடங்களில் உள்ளனர். ஒரு காலின் சில சட்டங்கள் இல்லாத கோபுரம் வாடைக்காற்றில் ஒரு நாள் உங்கள் வயலிலேயே சாயும். வரம்புக்கு மண் வேண்டி அத்திவாரத்தின் ஓரத்தை வெட்டுவதும் அதே விளைவைத் தரும். கோபுரம் ஒவ்வொன்றிலும் இலக்கத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். உங்கள் காணியை அடுத்துள்ள கோபுரங்களின் இலக்கங்களை இப்போதே ஒரு கொப்பியிற் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கழன்ற சட்டம், உடைந்த காவலி, வழக்கத்துக்கு மேல் தாழ்ந்த கம்பி, அரித்துப்போன அத்திவாரம் ஆகியவற்றைக் கண்டால் அவ்விலக்கத்தைச் சொல்லி அண்மையிலுள்ள மின்சாரப் பணிமனைக்கு அறிவியுங்கள். எத்தனையாவது வயல், எந்தக் குளத்தின் கீழ் என்று விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.